மச்சானின் மழை ஜெபமும் எங்கள் பூச்சட்டி லோடும்

அச்சங்குளம்,
புரட்டாசி 14, செவ்வாய்.

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் தங்கச்சாமி அவர்களுக்கு,

தங்கள் தங்கை பொன்னுத்தங்கத்தின் கணவன் வேதமாணிக்கம் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். காரியாபட்டியில் தாங்களும் அக்காவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். ஜெபம் என்று எழுதும்போதே பேனா தயங்குகிறது. காரணம் தாங்கள்தான். போனில் பேசினால் வசனம் சொல்லி என் வாயை அடைத்துவிடுவீர்கள் என்றுதான் கடிதம்.

இந்தத் தெருவில் நாங்கள் ஒரே வேதக்காரக் குடும்பம். பத்தொன்பது வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கிறேன், என்னைப் பார்த்து நாலு பேராவது ஆண்டவரைப் பற்றிக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கியதுண்டு. ஒருத்தரும் கேட்கவில்லை. போன வருடம் பூச்சட்டி வாணம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தபோது மேகம் திரண்டது, "ஆண்டவரே, ஒரு மணி நேரம்" என்று வாய்க்குள் முணுமுணுத்தேன், மேகம் சாத்தூர்ப் பக்கம் போய்விட்டது, பக்கத்தில் நின்ற எதிர்வீட்டு அய்யம்மாள் அதைக் கேட்டுவிட்டாள். எங்கள் கம்பெனியில்தான் பெட்டி அடுக்குகிறாள். அன்று பிடித்தது சனி, ஆண்டவர் மன்னிப்பாராக. வானம் கறுத்தால், மேகத்தை விரட்டச் சொல்லித் தெருவே என் வாசலில் நிற்கிறது. தேங்காய் பழம் கொண்டுவந்து வைக்கிறார்கள். எங்கள் ஆண்டவர் இதெல்லாம் கேட்பதில்லை என்றால், "அப்ப நீங்க சட்னி அரைச்சுக்கிடுங்க அண்ணாச்சி, சோலி முடிஞ்சாச் சரி" என்கிறாள். முதலாளி சங்கரபாண்டியன் ஆபீசில் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் இயேசு படத்தை மாட்டி சீரியல் பல்பும் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பைபிளோடு பஸ்ஸுக்கு நின்றால், "சாத்தூருக்குப் போயிப் படிக்கிற பாட்ட இங்கன இருந்தே படிங்க, லோடு காயுதுல்ல" என்று மறிக்கிறார்கள். நான் சாட்சியாக வாழ வந்தேனா, வானிலை இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தேனா?

இதையும் பொறுத்துக்கொண்டேன். வருகிற வெள்ளிக்கிழமை மழைக்காக உபவாச ஜெபம் வைக்கிறீர்கள், நல்லது. அதற்கு நோட்டீஸ் எதற்கு? அடித்ததுதான் அடித்தீர்கள், மதுரையில் அடிக்கக் கூடாதா? சிவகாசியில் கொடுத்தால் அது எங்கள் தெரு பாலகுரு வேலை பார்க்கும் பிரஸ்ஸுக்கா வந்து சேர வேண்டும்! அழைப்பவர் என்று தங்கள் பெயர். கீழே உறவினர் வரிசையில் என் பெயர், பக்கத்தில் அச்சங்குளம் என்று ஊர் வேறு. நேற்று அவன் அதைத் தெருவில் நின்று சத்தமாக வாசித்தான்.

"ஒரே சாமிகிட்ட மச்சானும் மச்சானும் ஆளுக்கொரு மனு குடுத்தா, அவரு எதுல கையெளுத்துப் போடுவாரு?" என்று கேட்டாள் அய்யம்மாள். "மொதல்ல உங்க வீட்டுக்குள்ள பேசி முடிச்சிட்டு வாங்க." இதற்குத் தங்களுக்குப் பதில் தெரிந்தால் எழுதவும்.

விளையாட்டில்லை மச்சான். காய்வது சீசனின் கடைசி லோடு. நனைந்தால் ஆர்டர் போய்விடும், முப்பது பெண்களுக்குத் தீபாவளி வரை வேலை கிடையாது. நான் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது. ஆகவே உபவாசத்தைப் பத்தே பத்து நாள் தள்ளி வையுங்கள். ஆண்டவர் எங்கும் போய்விட மாட்டார்.

அக்காவுக்கு ஸ்தோத்திரம். கர்த்தர் தங்களையும் தங்கள் மக்காச்சோளத்தையும் ஆசீர்வதிப்பாராக, பத்து நாள் கழித்து.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள்,
வேதமாணிக்கம்.

பின்குறிப்பு, புதன் மத்தியானம்: மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடவும். நேற்று இதைத் தபாலில் போடக் கிளம்பியபோது அய்யம்மாள் வந்து, "அங்கன எதுக்கு அம்புட்டுப் பேரும் மழை கேக்காக?" என்றாள். முளைத்த பயிர் கருகுகிறது, இந்த மழை தவறினால் வருடமே போச்சு என்றேன். "எங்களுக்குப் போனா ஒரு லோடு. அவுகளுக்கு ஒரு வருசம்ல. மழையவே கேளுங்க அண்ணாச்சி. நாங்க தார்ப்பாயப் போட்டு மூடிப் பாக்கோம்" என்றாள். வெள்ளிக்கிழமை அவளும் பத்துப் பெண்களும் வேன் பிடித்து உங்கள் ஜெபத்துக்கு வருகிறார்கள். தேங்காய் கொண்டுவருவார்கள், ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். இன்று காலையிலிருந்தே அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு நாள் உபவாசம் இருந்தால் போதும் என்றேன். "கேக்குறது பெருசுல்ல" என்றாள். நான் காலையில் சாப்பிட்டது ஏழு இட்லி.