ஒரு கட்டுச் சுருட்டு

நூதனசாலைக்குள் நின்றுகொண்டு சின்னராசா குடையை விரித்தார்.

கூரை ஒழுகவில்லை. மழை வெளியில்தான் பெய்தது. ஆனால் முன்னால் இருந்த கண்ணாடிப் பெட்டியை மறைக்க அந்த நேரம் அவர் கையில் இருந்தது குடை ஒன்றுதான்.

பெட்டிக்குள் ஒரு கைத் தையல் மெசின் இருந்தது. அதன் பாலைமரக் கைப்பிடி சின்னராசா தன் கையால் சீவிப் போட்டது. அடித்தட்டில் ஆணியால் கீறியிருந்த 'ஜெ' அவர் மனைவி ஜெகதீஸ்வரியின் எழுத்து. கலியாணத்துக்கு முன்பே ஊருக்கெல்லாம் சட்டை தைத்து, தானே உழைத்து வாங்கிய மெசின். பதினாறு வருடங்களுக்கு முன்னால் போரில் எறிகணைச் செல் விழுந்து அது துகள்துகளாகப் போய்விட்டது. மனைவியிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

நடந்தது வேறு. கடைசிப் போரில் இடம்பெயர்ந்து மாத்தளன் கடற்கரையில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே கிடந்த நாட்கள் அவை. அரிசியையாவது எப்போதாவது காணலாம், புகையிலையைக் காணவே முடியாது. ஜெகதீஸ்வரி கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஒரு காலையில், யாகப்பு என்ற மீன்பிடிக்காரரிடம் மெசினைக் கொடுத்து ஒரு கட்டுச் சுருட்டு வாங்கினார் சின்னராசா. ஐந்தே நாளில் ஊதி முடித்தார். ஆறாம் நாள்தான் புத்தி வந்தது. அதற்குப் பிறகு அவர் சுருட்டைத் தொட்டதில்லை.

"மெசின் போன கவலையில என்ர மனுசன் சுருட்டையே விட்டிட்டுது" என்று ஜெகதீஸ்வரி தங்கள் ஊரான தர்மபுரம் முழுக்கச் சொல்லித் திரிவார். கேட்கும்போதெல்லாம் சின்னராசா பேச்சை மாற்றிவிடுவார். பொய்க்குச் சாட்சியாக அன்றைக்கு அவர் ஒரு வளைந்த இரும்புத் துண்டையும் கொண்டுபோய்க் காட்டியிருந்தார். யாரோ ஒருவருடைய சைக்கிளில் இருந்து கழன்றது அது. ஜெகதீஸ்வரி அதைச் சீலைத் துணியில் சுற்றி இன்றைக்கும் அலுமாரிக்குள் வைத்திருக்கிறார்.

இந்த இடத்துக்கு வரவேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை. மாதம் ஒரு திங்கட்கிழமை ஜெகதீஸ்வரி தனியாகத்தான் வற்றாப்பளை அம்மனிடம் போய்வருவார். இந்தமுறை "நீங்களும் வாங்கோ" என்று ஒரே பிடியாக நின்று கூட்டிவந்துவிட்டார். முல்லைத்தீவில் பஸ் மாறும்போது மழை பிடித்துக்கொண்டது.

"உதில நூதனசாலை இருக்கு. மழை விடுமட்டும் உள்ளுக்க நிப்பம்" என்றதும் அவர்தான்.

கப்பல்கள் வந்துபோன காலத்துப் பழைய சுங்கக் கட்டடம், இப்போது பழம்பொருட்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் இடம். முன்னறையில் நங்கூரம், திமிங்கில எலும்பு, துருப்பிடித்த தராசு. ஜெகதீஸ்வரி நங்கூரத்தடியில் நின்றுவிட, சின்னராசா தனியாக உள்ளறைக்கு வந்து மாட்டிக்கொண்டார்.

"ஐயா, உள்ளுக்க குடை விரிக்கக் கூடாது" என்றாள் அங்கு வேலை செய்யும் டிலுசா.

"காயட்டும் எண்டு விரிச்சனான், பிள்ளை."

"தாங்கோ, வாசல்ல வைச்சுவிடுறன்."

குடை போய்விட்டது. சின்னராசா பெட்டிக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றார். டிலுசா திரும்பி வந்து பார்த்துத் திடுக்கிட்டாள்.

"என்னய்யா செய்யுது?"

"முழங்கால் பிடிச்சிட்டுது. அசையேலாமக் கிடக்கு."

நல்ல பிள்ளை. ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்திலேயே போட்டு அவரை உட்காரவைத்தாள். இருட்டாக இருக்கிறதென்று பெட்டிக்குள் விளக்கையும் போட்டுவிட்டாள். மெசின் நேற்றுத்தான் எண்ணெய் விட்டதுபோல மினுங்கியது. அதோடு விடாமல் முன்னறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, ஓடியாங்கோ! ஐயாவுக்கு ஏலாமல் வந்திட்டுது!"

ஜெகதீஸ்வரி பதறிக்கொண்டு வந்து அவருடைய காலடியில் குந்தினார். அவர் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

"எந்தக் கால்?"

"இது."

"இதோ?"

"இல்லையில்லை, மற்றது."

குனிந்த தலை நிமிராமல் இரண்டு முழங்காலையும் மாறி மாறித் தேய்த்துவிட்டார். சின்னராசாவுக்கு வேர்த்துக் கொட்டியது. இந்தக் கைக்கு இப்படி ஒரு காலா என்று தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"பின்னுக்குக் குழாயடி இருக்கு. தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று எழுந்துபோனார் ஜெகதீஸ்வரி.

அவர் மறைந்ததும் சின்னராசா பெட்டிக்கு முன்னால் நிறுத்தியிருந்த மட்டையைப் படித்தார். 'கைத் தையல் இயந்திரம். இடப்பெயர்வின்போது ஒரு கட்டுச் சுருட்டுக்குக் கைமாறியது. அன்பளிப்பு: பெயர் குறிப்பிட விரும்பாதவர்.'

யாகப்புவின் வேலைதான். மனதுக்குள் அவரை நாலு வார்த்தை திட்டிவிட்டு, மட்டையை உருவிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் பளையிலிருந்து ஒரு வான் நிறையச் சனம் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தது. நங்கூரத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கு எரிகிற பெட்டியைத்தான் சுற்றி நின்றார்கள்.

"தங்கச்சி, இதுக்கு மட்டும் ஒண்டும் எழுதேல்லையே. என்ன இது?" என்று கேட்டார் கூட்டத்தில் மூத்தவரான முத்துலிங்கம்.

மட்டை இருந்திருந்தால் அவர்கள் வாய்க்குள் படித்துவிட்டுப் போயிருப்பார்கள். இல்லாதபடியால் டிலுசா எல்லோருக்கும் கேட்க உரத்துச் சொன்னாள்.

"அந்தக் கடைசிச் சண்டை நாளில, ஒரு ஆள் மனிசியின்ர மெசினை ஒரு கட்டுச் சுருட்டுக்குக் குடுத்திட்டாராம். மனிசிக்குச் செல் விழுந்ததெண்டு சொன்னவராம்."

வான்கூட்டம் சிரித்தது. கட்டடமே அதிர்ந்தது.

"அவனுக்கு இன்னமும் சோறு போடுறாளே, அந்த மனிசியைச் சொல்லவேணும்!" என்றார் முத்துலிங்கம். வேறு வழியில்லாமல் சின்னராசாவும் சேர்ந்து சிரித்தார்.

"அந்த நேரம் அந்தாளுக்கு என்ன பதகளிப்போ, என்ன தவிப்போ? பாவம்."

ஜெகதீஸ்வரியின் குரல். பின்னால் தண்ணீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். சின்னராசாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

கோப்பையை நீட்டிவிட்டு ஜெகதீஸ்வரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சின்னராசா தண்ணீரைக் குடித்தார். வாய் திறந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாகேல்லையே?"

ஜெகதீஸ்வரி வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டார். "ஓம். நான் முன்னுக்குப் போய் பஸ்ஸைப் பாக்கிறன். நீங்கள் ஆறுதலா வாங்கோ."

முகம் வாடித்தான் போனார். களைப்பாக்கும் என்று நினைத்தார் சின்னராசா.

சனம் கலைந்தபின் அவரும் மெசினும் மட்டும் மிஞ்சினார்கள். போருக்குப் பிறகு அகதி முகாமில் ஜெகதீஸ்வரி மூத்த மகள் சுதாஜினிக்குப் பாடசாலைச் சட்டையைக் கை ஊசியால் தைத்தது ஞாபகம் வந்தது. பிறகு ஊர்ச்சனத்துக்கும் ஊசியால்தான் தைத்தார். இன்றைக்கு அவருக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாது. கோத்துக் கொடுப்பவர் சின்னராசாதான். அதற்கும் "என்ர மனுசன்" என்று ஊரில் பெருமை. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், அன்றைக்கு அழுது தீர்த்திருப்பார். பதினாறு வருடம் அந்தச் சைக்கிள் இரும்புக்குச் சீலைத் துணி சுற்றியிருக்க மாட்டார்.

சின்னராசா எழுந்தார். முழங்கால் பிடித்ததையே மறந்து நேராக நடந்தார். மட்டையை எடுத்து டிலுசாவின் மேசையில் வைத்தார்.

"பிள்ளை, நீ சொன்ன அந்தச் சுருட்டுக்காரன் நான்தான். வெளியில நிக்கிறவாதான் அந்த மனிசி. இப்ப போய்ச் சொல்லத்தான் போறன். வெறுங்கையோட போய்ச் சொல்ல முகமில்லை. யாகப்பரிட்டக் கேட்டு மெசினைத் திருப்பித் தருவியளோ?"

டிலுசா மட்டையின் மடிப்பை விரலால் நீவினாள்.

"யாகப்பரிட்ட ஏன் ஐயா கேக்கவேணும்? அவர் எப்பவோ அம்மாவைத் தேடிப்பிடிச்சுத் திருப்பிக் குடுத்திட்டார். 'மெசினை வீட்டை கொண்டுபோனா அந்த மனுசன் வெக்கத்தில என்ர முகத்தைப் பாக்காது' எண்டு அம்மாதான் இதை இஞ்ச தந்திட்டு, மாசம் ஒரு திங்கள் கோயிலுக்குப் போற வழியில வந்து எண்ணெய் விட்டிட்டுப் போறவா."