கம்பி நீட்டிய வீடு

இந்த வீட்டை விற்க விடக்கூடாது என்று நான் சபதம் எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. வாய்விட்டு எடுக்கவில்லை. வாய்விட்டுச் சபதம் எடுக்கும் வழக்கம், நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்பு ஸுலைக்காவை நிக்காஹ் செய்த அன்றோடு நின்றுபோனது.

என் பெயர் மெஸ்ஊத். ஸெதீஃப் நகரத்தில் முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவன். பனிக்காலத்தில் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறியிருக்கிறேன். ஆனால் வீட்டுக்குள் ஸ்டியரிங் என் கைக்கு வந்ததே இல்லை. நான் பிரேக்கை மிதித்தாலும் வண்டி போய்க்கொண்டேதான் இருக்கும்.

அன்றைக்குக் கூஸ்கூஸ் பரிமாறிக்கொண்டே அவள் ஆரம்பித்தாள்.

"ஏங்க, வீட்ட வித்துடலாம்."

"எந்த வீட்ட?"

"நமக்கென்ன பதினாறு வீடா இருக்கு? இந்த வீட்டத்தான். எனக்கு முழங்கால் போச்சு. துணி காயப்போட நாலு படி ஏறினா நாலு நாள் வலிக்குது. பெஜாயாவுல நம்ம வஹீபா வீட்டுக்குப் பக்கத்துல, தரையோட ஒரு ஃப்ளாட் வருதாம். கடலோரம். இந்தக் குளிரும் கெடையாது."

வஹீபா எங்கள் மகள். அம்மாவுக்கு இங்கிருந்து கிளம்பும் யோசனைகள் எல்லாம் அங்கிருந்துதான் வரும்.

'முடியாது' என்று சொன்னால் நடந்துவிடும். அனுபவம். அதனால் தந்திரமாகப் போனேன்.

"பேஷா விக்கலாம். ஆனா இந்தக் கோலத்துல காட்டினா எவன் வாங்குவான்? செவுத்துல ஈரம், குழாய்ல ஒழுக்கு, கதவத் தெறந்தா கழுத மாதிரி கத்துது. சில்லறச் செலவுல ஒண்ணொண்ணா சரி பண்ணிட்டு அப்புறம் காட்டுவோம்."

"யாரு பண்றது?"

"நான்தான்."

"நீங்களா?" அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப நம்ம பேரன் காலத்துலதான் விக்கும்."

அதுதான் என் திட்டமே.

ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் ஊரில் மகன் பிறந்தவன் எவனும் வீட்டைக் கட்டி முடிப்பதில்லை. கீழ்த்தளத்தைக் கட்டுவான். மொட்டைமாடியில் தூண் கம்பிகளை இடுப்புயரத்துக்கு விட்டுவைப்பான். மகன் கல்யாணம் பண்ணி, அந்தக் கம்பியிலிருந்து மேலே தன் தளத்தை எழுப்பிக்கொள்ள வேண்டும். அப்படி நீட்டி நிற்கும் கம்பிக்கு எங்கள் கொத்தனார்கள் வைத்திருக்கும் பெயர், காத்திருப்பு. "ஹாஜி, காத்திருப்பு எத்தனை அடி விடட்டும்?" என்று கேட்பார்கள். நான் தாராளமாக விடச் சொன்னேன். ஒன்பது தூண், முப்பத்தாறு கம்பி. எல்லாம் நாதிருக்கு.

நாதிர் ஒரு வருஷப் படிப்புக்கு என்று கடல் தாண்டி லியோன் போனான். பதின்மூன்று வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு வருஷமும், "வர்ற கோடையில மாடி ஆரம்பிச்சிடலாம் பாபா" என்பான். அவனுக்காக நான் கம்பி நீட்டினேன். அவன் எனக்கே கம்பி நீட்டிவிட்டான்.

போன செப்டம்பரில், ஸுலைக்கா ஹம்மாமுக்கு, அதாவது பொதுக் குளியல்கூடத்துக்குப் போயிருந்த நேரத்தில் அவன் போன் வந்தது.

"பாபா, இங்கயே ஒரு வீடு வாங்கிட்டேன். இனிமே அங்க வந்து இருக்க முடியாது. என்ன மன்னிச்சிடுங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அம்மா தாங்கமாட்டாங்க."

அவன் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஸுலைக்கா திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவிக்கொண்டு, பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவன் மாதிரி விறைப்பாக இருந்தேன். அன்றிலிருந்து அந்தத் துக்கம் என் பொறுப்பு. அவள் கண்ணில் படாமல் அழ, பனி கொட்டினாலும் மாடிக்குப் போய் நின்றுகொள்வேன். மாடியில் கம்பி நிற்கும்வரை அவளுக்கு நம்பிக்கை நிற்கும். வீட்டை விற்றால், மகன் வரமாட்டான் என்று நாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. அவள் உடைந்துபோவாள். விடுவேனா?

சீரமைப்பு தொடங்கியது. முதலில் குழாய். சொட்டிக்கொண்டிருந்ததைப் பிரித்து மாட்டினேன். சொட்டுவது நின்றது. கொட்டுவது ஆரம்பித்தது. ஒரு மாதம் தள்ளிப்போடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஸுலைக்கா ஜன்னலைத் திறந்து ஒரே ஒரு குரல் கொடுத்தாள். பக்கத்து வீட்டு ரபாஹ் வந்துவிட்டான்.

"அண்ணே, இதுக்கா இவ்வளவு பாடு? ஒரு வாஷர்ண்ணே!"

"உன்ன யாரு கூப்பிட்டா?"

"அண்ணி."

"அண்ணி கூப்பிட்டா வந்துடுவியா?"

"நீங்க போறதில்லையா?"

அடுத்தது சுவர். முன்னறைக்குச் சுண்ணாம்பு அடிக்க நான் இருபத்திரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். அதில் பதினெட்டு நாள் தூரிகையை ஊறவைத்தேன். மிச்ச அறைகளை ரபாஹ் ஒரு சனிக்கிழமையில் முடித்துவிட்டான். கதவுக் கீலுக்கு எண்ணெய், குளியலறை டைல்ஸ் இடுக்குகளுக்கு வெள்ளைச் சிமென்ட், இருண்ட நடைக்கு ஒரு பளிச் பல்பு, வாசலில் பழைய ஆலிவ் டின்களில் நாலு ஜெரேனியம். நான் கெடுக்கக் கெடுக்க வீடு அழகாகிக்கொண்டே போனது. முப்பது வருஷமாக அவள் கேட்டுக்கேட்டு நான் செய்யாதது எல்லாம் மூன்று மாதத்தில் நடந்தேறியது.

கடைசியாக அவள் கூரையைக் காட்டினாள்.

"மேல அந்தக் கம்பிங்க ஒண்ணுதான் பாக்கி. துருவேறிப் பேய் மாதிரி நிக்குது. ரபாஹ்கிட்ட வெட்டற மெஷின் இருக்கு. ஒரு மணி நேர வேலை."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ.

"கம்பியத் தொட்டா நடக்கறதே வேற! வேணும்னா என் தலைய வெட்டு!"

"அதுக்கு வெல வராதுங்க."

"வெட்டக்கூடாதுன்னா வெட்டக்கூடாது!"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"சரி. வெட்ட வேணாம். துருவோடயே நிக்கட்டும்."

"ஏன் துருவோட நிக்கணும்? தேய்ச்சு பெயின்ட் அடிப்பேன்!"

"உங்க இஷ்டம்."

உங்க இஷ்டம்! நாற்பத்தொரு வருஷத்தில் இந்த இரண்டு வார்த்தைகள் அவள் வாயிலிருந்து சேர்ந்து வந்து நான் கேட்டதில்லை. கடைக்குப் போய் ஒரு டின் சிவப்புத் துருத்தடுப்புப் பெயின்ட் வாங்கிவந்தேன். என் கணக்கு இதுதான்: இந்தப் பக்கம் வீடு பார்க்க வருவது நரைத்த தலைகள்தான்; ஓய்வுக்கு வீடு தேடும் எவனும் கம்பி முளைத்த கூரையை வாங்கமாட்டான். மற்றதையெல்லாம் அவள் ஜெயிக்கட்டும்.

எட்டு நாள் தேய்த்தேன். மழை இறங்காமல் கம்பி நுனிகளுக்கு மாட்டியிருந்த பிளாஸ்டிக் பாட்டில்களைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் துருவை உதிர்த்து, இரண்டு கோட் சிவப்பு அடித்தேன். ஜெயிலுக்குப் போகாமலே கம்பி எண்ணியவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான். தெற்குப் பக்கத் தூண், மாடி எழும்பியிருந்தால் நாதிரின் படுக்கையறை மூலை. அதற்கு மட்டும் மூன்று கோட். அங்கே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பெயின்ட் நெடி கண்ணில் பட்டதாகக் கீழே சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்பதாம் நாள் சம்சார் வந்தான். எங்கள் ஊரில் வீட்டுத் தரகனுக்குச் சம்சார் என்று பெயர். என் சம்சாரத்துக்கும் அவனுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கூடவே ஒரு பேக்கரிக்காரர், ஹாஜ் மொக்தார். அவருக்குப் பின்னால் மீசை வைத்த மூன்று மகன்கள்.

ஹாஜ் சுண்ணாம்பைப் பார்க்கவில்லை. குழாயைத் திறக்கவில்லை. என் ஜெரேனியத்தைத் தாண்டிக்கொண்டு நேராக மாடிக்குப் போனார். ஒரு கம்பியைப் பிடித்து உலுக்கினார். விரலால் சுண்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"மாஷா அல்லாஹ்! பதினோரு வீடு பாத்துட்டேன். எல்லாத்துலயும் காத்திருப்பு துருவேறிப் பிஸ்கோத்து மாதிரி ஒடியுது. இது நேத்து வச்ச மாதிரி இருக்கே! யாரு பராமரிச்சது?"

"நான்தான்," என்றேன். பெருமையில் நாக்கு முந்திக்கொண்டது.

"மூணு பசங்க, மூணு மாடி. நாளைக்கே ஆரம்பிக்கலாம். எனக்குச் சம்மதம்."

பேரம் முடிந்ததற்கு அந்த இடத்திலேயே பாத்திஹா ஓதிக் கைகொடுத்துவிட்டார்கள். என் கையை யார் நீட்டியது என்று எனக்கே தெரியவில்லை. இறங்கும்போது சம்சார் என் காதில் கிசுகிசுத்தான்.

"உங்க வீட்டம்மா கெட்டிக்காரங்க ஹாஜி. வயசானவங்க யாரும் வேணாம், மாடி கட்டற மாதிரி பையன்க உள்ளவரா பாருன்னு மொதல்லயே சொல்லிட்டாங்க. கம்பி நல்லா இருக்கும், அதுக்கு நான் ஜவாப்தாரின்னாங்க."

அவர்கள் போன பிறகு நான் மாடியிலேயே நின்றேன். படியில் காலடிச் சத்தம். ஸுலைக்கா பதினேழு படியையும் மூச்சு வாங்காமல் ஏறி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"முழங்கால்?"

"அதுக்கென்ன? நல்லாத்தான் இருக்கு."

"அப்ப எதுக்கு வித்த?"

"போன குளிர்காலம் பூரா பனியில இங்க வந்து நின்னீங்களே, அதுக்கு. மார்ல சளி கட்டி ராவும் பகலும் இருமினீங்களே, அதுக்கு. நீங்களா எறங்கி வருவீங்கன்னு பாத்தேன். வரல. வெட்டலாம்னா பெயின்ட் அடிப்பீங்கன்னு தெரியும்."

"உனக்காகத்தான் நின்னேன் ஸுலைக்கா." இனி மறைத்து என்ன? "நாதிர் வரமாட்டான். அங்கயே வீடு வாங்கிட்டான். உன்கிட்ட சொல்லவேணாம்னான்."

பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று அவள் ஒரு கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"உங்களுக்குச் சொல்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டான்."

"உனக்குத் தெரியாதுன்னு சொன்னானே!"

"அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான். நான் ஹம்மாம் போற நேரமாப் பாத்துப் பேசுன்னேன். மொட்டையாச் சொன்னா நீங்க படுத்துடுவீங்க. என்னக் காப்பாத்தற வேலை ஒண்ணு குடுத்தா, அதுக்காகவாவது எழுந்து நடமாடுவீங்கன்னு நெனச்சேன். இப்படிக் கம்பியோட குடும்பம் நடத்துவீங்கன்னு நெனக்கல."

சொல்லிவிட்டு முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அந்த ஒரு வருஷமும் எனக்கு ஷோர்பா சூப் காய்ச்சிக்கொண்டு, கெஸ்ரா ரொட்டி சுட்டுக்கொண்டு, என் மொக்கை ஜோக்குகளுக்குத் திட்டிக்கொண்டு, தன்னந்தனியாக அழுதிருக்கிறாள். எனக்கு ஒன்றுமே தெரியாது. என் கை பெயின்ட். இருந்தாலும் அவள் தோளில் போட்டேன். தட்டிவிடவில்லை.

பத்து மாதமாக நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டி, நான் ஒருவன்தான் சுமக்கிறேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். துக்கப்படுவதில்கூட அவள் எனக்கு ஒரு வருஷம் சீனியர்.