டோஃபுவுக்கு இஸ்திரி போட்ட விவரம்

மதிப்புக்கும் அன்புக்கும், ஓரளவு பயத்துக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே நான் நலம், கடை நலம், இஸ்திரிப்பெட்டியும் நலம். தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் தங்கள் முழங்காலும் நலமாக இருக்க விழைகிறேன். தொலைபேசியில் தாங்கள் என்னை ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க விடுவதில்லை என்பதால் எழுத்தில் வருகிறேன். கடிதத்தைக் குறுக்கே பேசி நிறுத்த முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து தங்கள் தங்கையை அழைத்துப் போய்விடுவதாகச் சொன்னீர்கள். கோபம் நியாயமானதுதான். வந்த காய்ச்சல் சும்மா போகாமல் அவள் நாக்கிலிருந்த ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எதைக் கொடுத்தாலும் "அட்டையை மெல்ற மாதிரி இருக்குங்க" என்று தட்டைத் தள்ளிவிடுகிறாள். டாக்டர் "தானா வரும்" என்கிறார்; எப்போது என்று கேட்டால் அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறார். நான் இஸ்திரி போடுகிறவன். உடம்பு இளைத்துத் துணி தொளதொளவென்று ஆவது என் கண்ணில்தான் முதலில் படும். அவள் இல்லாமல் இந்த வீட்டில் எப்படி இருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன், யோசிக்கவே முடியவில்லை.

அப்போதுதான் வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், தங்கள் செல்ல மருமகள், போனில் ஒரு வழி சொன்னாள். கொரியாக்காரர்கள் பாணியில் டோஃபு. "பத்து நிமிஷ வேலைப்பா. காரசாரமா பட்டா அம்மா நாக்கு முழிச்சுக்கும்." டோஃபுவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டப்பாவைத் திறந்தால் தண்ணீருக்குள் ஒரு வெள்ளைக் கட்டி. மோந்து பார்த்தேன், வாசனை இல்லை. ஓரத்தை நக்கிப் பார்த்தேன், ருசி இல்லை. சோயாவை அரைத்துப் பாலெடுத்து உறைய வைத்ததாம். ஒன்றுமே இல்லாமலிருக்க ஒரு பொருளுக்கு இவ்வளவு தைரியமா என்று அசந்து நின்றுவிட்டேன், மச்சான்.

மகள் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "அப்பா, முதல்ல டோஃபுவை நல்லா ப்ரெஸ் பண்ணிடுங்க. தண்ணி இருந்தா எண்ணெய் வெடிக்கும்." யாரிடம் போய் என்ன சொல்கிறாள் பாருங்கள்! ஊரே "ப்ரெஸ் பண்ணிக் குடுங்க" என்றுதானே என்னிடம் வருகிறது? சமையலில் நமக்குத் தெரிந்த வேலையும் ஒன்று இருக்கிறதே என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. டோஃபுவைத் தடிமனான துண்டுகளாக வெட்டி, சுத்தமான வெள்ளைத் துணியில் பொதிந்து, கடை மேசையில் பரப்பினேன். பருத்திக்கு எவ்வளவு சூடு, பட்டுக்கு எவ்வளவு சூடு என்று பெட்டியில் போட்டிருக்கிறது, டோஃபுவுக்குப் போடவில்லை. பட்டில் வைத்து, மெல்ல இறக்கினேன். ஷ்ஷ்ஷ் என்று ஆவி கிளம்பியது பாருங்கள், எதிரே இருந்த சுவர் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கோட்டு வாங்க வக்கீல் வந்து நின்றார்.

"என்னங்க அது?"

"டோஃபு."

"யாரோடது?"

"என் பொண்டாட்டியோடது. உங்க கோட்டு அடுத்தது."

வக்கீல் அதற்குமேல் குறுக்கு விசாரணை செய்யவில்லை. துணியைப் பிரித்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை! ஒவ்வொரு துண்டும் விளிம்பு மடங்காமல், சட்டைக் காலர் மாதிரி விறைப்பாக நின்றது. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். உடனே போன். "ஐயோ அப்பா! ப்ரெஸ்னா மேல கனமா எதையாவது தூக்கி வைக்கச் சொன்னேன்!" "கனமாத்தாம்மா வச்சேன், நம்ம இஸ்திரிப்பெட்டியை" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ விக்கல் மாதிரி கேட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

பிறகு தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் பொன்னிறமாகும்வரை வாட்டி, சோயா சாஸ், தட்டிய பூண்டு, கொஞ்சம் சர்க்கரை, வெங்காயத்தாள், தண்ணீர் எல்லாம் கலந்து ஊற்றி, கொரிய மிளகாய்த்தூள் இரண்டு கரண்டி என்றாளா, அது கிடைக்காததால் நம் வீட்டு மிளகாய்த்தூளையே இரண்டு கரண்டி போட்டு, உப்பும் போட்டு, போட்ட பிறகு சாஸிலேயே உப்பு இருக்கிறது என்று மகள் சொல்லி, சொன்னதைக் காதில் வாங்காத மாதிரி நல்லெண்ணெய் விட்டு எள்ளும் தூவி இறக்கினேன். அந்த வெள்ளைக் கட்டி என்ன செய்தது தெரியுமா? சாறு முழுவதையும் குடித்துவிட்டது. ஒன்றுமே இல்லாமல் இருந்தது, அத்தனைக்கும் இடம் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது! கரண்டியும் கையுமாக அடுப்பு முன்னால் நின்று கும்பிடலாமா என்று நினைத்தேன்.

தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். கண்ணை மூடினாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்புறம் சொன்னாள்: "காரம்." மச்சான், காரம் என்றாள்! அட்டை என்று சொல்லவில்லை! "இன்னும் ரெண்டு வைங்க" என்றாள். என் கண்ணில் தண்ணீர் வந்ததற்கு மிளகாய்தான் காரணம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், தாங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ருசி திரும்பிவிட்டது. தங்கை தேறிவிட்டாள். வண்டிக்கு அவசியமில்லை. வக்கீல் வீட்டுக்குக் கோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருப்பதால் கடிதத்தை ஒட்டித் தபாலில் போடும் வேலையை அவளிடமே விட்டுச் செல்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, தங்கள் முழங்காலுக்கு ஓய்வு.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள ஆசைப்படும்
மாப்பிள்ளை

பி.கு.: அண்ணா, இனி எழுதுவது நான். நாக்கில் ருசி வந்து ஒரு வாரமாகிறது. மத்தியானத்தில் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவிடம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன். இவரிடம் இன்று சொல்லலாம் நாளை சொல்லலாம் என்றிருந்தேன், அதற்குள் இவர் டோஃபுவோடு சமையல்கட்டுக்குள் நுழைந்துவிட்டார். அந்த டோஃபுவைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரே உப்பு. போதாததற்கு, அவர் சுற்றியது கஞ்சி போட்ட துணி. ஆனால் நான் வாயில் வைத்ததும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார் பாருங்கள், எனக்காக ஒருவர் அப்படிப் பயந்து நான் பார்த்ததே இல்லை. அந்த முகத்தை இன்னும் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்கிறேனே, காட்டிக்கொடுத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வாருங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.