தனியாகத்தான் போவேன்

சென்னைக்கு நான் தனியாகத்தான் போவேன். முடிவு கட்டிவிட்டேன். அதைப் பெண்டாட்டியிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

சங்கராபுரத்தில் எங்களுக்குத் தேன் கடை. கல்வராயன் மலைத் தேனை வாங்கி, வடிகட்டி, பாட்டிலில் அடைத்து விற்கிறோம். சென்னையில் ஒரு பெரிய கம்பெனி, "உங்க தேன எங்க கடைங்களுக்கெல்லாம் வாங்கிக்கிறோம், பேச வாங்க" என்று கூப்பிட்டது. பேசி முடித்ததும் ஒரு பிரியாணி, ஒரு சினிமா, கடற்கரையில் ஒரு குட்டித் தூக்கம். நினைக்கும்போதே தேனை விட இனித்தது.

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"கண்ணகி, வெள்ளிக்கிழம மெட்ராஸ்ல ஒரு மீட்டிங்கு."

"நானும் வரன். கல்யாணம் ஆன நாளா கடலக் காட்றேன் காட்றேன்னு சொல்லிக்கினே கீறீங்க."

"சும்மா யாரையும் உள்ள வுட மாட்டாங்க. மொதலாளி மட்டுந்தான் வரணும்னு கண்டிசனா சொல்ட்டாங்க."

"மொதலாளி மட்டுமா?"

"மட்டும்."

"செரிங்க."

செரிங்களா! சண்டை இல்லை. அழுகை இல்லை. ஒரு பாத்திரம்கூட உருளவில்லை. என் சாமர்த்தியத்தை எண்ணி நானே மெய்சிலிர்த்தேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நசுங்கி, தேன் பாட்டில் பையை மட்டும் நசுங்காமல் காப்பாற்றி, ஒருவழியாகக் கம்பெனி வாசலில் போய் நின்றேன்.

"சங்கராபுரமா சார்? உள்ள போங்க," என்றாள் வரவேற்பில் இருந்த பெண். "உங்க ஓனர் மேடம் அப்பவே வந்துட்டாங்க."

"இன்னாம்மா சொல்ற? ஓனரே நாந்தான்!"

அவள் சிரித்தாள். நான் கதவைத் தள்ளினேன்.

நீள மேசை. சுற்றிலும் டை கட்டியவர்கள். நடுவில் சுழல் நாற்காலி. அதில் கல்யாணப் பட்டுப்புடவை. அந்தப் புடவைக்குள் கண்ணகி! கையில் காப்பியோடு அரைச் சுற்றுச் சுற்றி என்னைப் பார்த்தாள்.

என் வாய் திறந்தது. மூடவில்லை.

"நீ... நீ எப்டி இங்க?"

"கம்பெனி கார் அனுப்னாங்க. திண்டிவனத்துல பஸ்ஸாண்ட டீ குடிச்சிக்கினு இருந்தீங்களே, கை காட்னேன். நீங்கதான் பாக்கல."

"காரா! உனக்கா!"

"அன்னிக்கு நீங்க குளிச்சிக்கினு இருந்தப்ப போன் பண்ணாங்க. லைசென்சு உங்க பேர்ல கீதும்மா, நீங்க வந்துதான் கையெழுத்துப் போடணும்னாங்க. மொதலாளி மட்டுந்தான் வரணும்னு நீங்களும் சொன்னீங்க. வந்துட்டேன்."

பெண்கள் பெயரில் தொழில் என்றால் சலுகை உண்டு என்று கேள்விப்பட்டு, லைசென்சை அவள் பெயரில் எடுத்த மகாபுத்திசாலி நானேதான். மீட்டிங் என்று வந்தேன். மாட்டிங் ஆகிவிட்டது.

மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேடம், சார் யாரு?"

"எங்க வூட்டுக்காரரு. பாட்டில் கழுவ, மூடி போட எல்லாத்துக்கும் ஒத்தாசையா இருப்பாரு. அவருக்கும் ஒரு காப்பி குடுங்க."

கையெழுத்துப் போட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வேறு வழி?

வெளியே வந்தால் அடுத்த அதிர்ச்சி. காருக்குள் பக்கத்து வீட்டு ரங்கம்மாள், தலை நிறையப் பூவோடு.

"அக்காவ தொணைக்கு இட்டாந்தேன்," என்றாள் கண்ணகி. "கடல பாத்துட்டு, புடவ எடுத்துக்கினு நாளன்னிக்கு வரோம்."

"நானும் வரேனே கண்ணகி. எடம் கீதே!"

"எடம் ஜாஸ்தியாவே கீதுங்க. ஆனா காலைல கடைய யாரு தொறக்கறது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கடைச் சாவி என் சட்டைப் பையில் விழுந்துவிட்டது.