நானூற்றுப் பன்னிரண்டு குடிக்காரர்

“கைவிசேஷத்த வரவில எழுதுறதா, செலவில எழுதுறதா?” என்று றெஜி கேட்டான்.

“எழுதாம விடேலாதா?” என்றார் அழகரத்தினம்.

“பெட்டிசத்தில முதலாவதாக் கிடக்கிறதே அதுதான் அண்ணன்.”

றெஜியின் கொமினிகேஷன் கடையில் ஒரு கணினியும் ஒரு போட்டோக் கொப்பி மெஷினும் பாதி வேகத்தில் சுற்றும் ஒரு மின்விசிறியும் இருந்தன. கொப்பி எடுக்க வந்த ஐந்து பேர், கணினித் திரையைத் தங்கள் வீட்டுத் தொலைக்காட்சி போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மண்டூருக்கு அங்கால் ஒரு வட்டாரத்தில் ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் வென்று, பிரதேச சபை மெம்பராகி அழகரத்தினத்துக்கு இன்னும் மூன்று கிழமை முடியவில்லை. அவரிடம் தோற்ற நிலோஜன், கட்சிப் பட்டியல் வழியாக அதே சபைக்குள் நுழைந்து எதிர்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம். வரவு செலவு அறிக்கை கொடுக்கவேண்டும். அவர்மேல் வந்த பெட்டிசத்துக்கும், அதாவது புகார் மனுவுக்கும், விளக்கம் தரவேண்டும். சட்டம் அந்த வட்டாரத்துக்கு அனுமதித்தது மூன்று இலட்சம் சொச்சம். அவர் செலவழித்தது இருபத்திரண்டு இலட்சம். அகப்பட்டால் கதிரை போய்விடும்.

கதிரை போனால் பிரஷாந்தியும் போய்விடுவாள்.

அழகரத்தினம் நெல் வியாபாரி. வயது முப்பத்தெட்டு. அரிசி மில் ஆச்சிப்பிள்ளையின் ஒரே மகள் பிரஷாந்தியைப் பெண் கேட்டு அவர் போனபோது, அந்த அம்மாள் கதிரை கூடக் காட்டவில்லை. “நெல்லு வாங்கிற ஆக்கள் என்ர வாசல்ல தினம் முப்பது பேர் நிக்கிறாங்க. மெம்பர் எண்டா வரட்டும், கதைப்பம்” என்றாள்.

சீதனம் மாடி வீடு, வட்டையில் பத்து ஏக்கர் வயல், மில்லில் பாதி. அழகரத்தினம் நின்ற நிலையிலேயே மனக்கணக்குப் போட்டார். முதல் இருபது இலட்சம். திரும்பி வருவது ஒன்றரைக் கோடி. நெல்லில் எந்தப் போகத்திலும் இப்படி இலாபம் வந்ததில்லை. மக்களுக்குச் சேவை செய்யவேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்குப் பிறந்தது.

முதல் வேலையாக பில்களைச் சுருக்கவேண்டும். ஓட்டமாவடியில் புரியாணிக் கடை வைத்திருக்கும் ஷிஹானிடம் போனார்.

“ஷிஹான், தேர்தலுக்கு நீ தந்த எழுநூறு பார்சலுக்கும் எண்பது ரூபா போட்டு ஒரு பில் எழுது.”

“எண்பது ரூபாய்க்கு முட்டையோட சோறும் வராது அண்ணன். அந்த பில்ல ஒருத்தன் போனில படம் எடுத்துப் போட்டா, நாளைக்குக் கல்யாண வீட்டுக்காரன் எல்லாம் எண்பது ரூபாய்க்குக் கேப்பான்.”

“மறுகா என்ன செய்ற?”

“விலய குறைக்க மாட்டன். பார்சல குறைச்சுத் தாறன். அறுபது பார்சல் எண்டு எழுதுறன். பில்லுக்குப் பத்தாயிரம் தாங்க.”

“பொய் பில்லுக்கும் காசாடா?”

“உண்மையான பில் எண்டா சும்மா தருவன்.”

வாழ்நாள் முழுக்க விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசியவருக்கு, கணக்கைக் குறைத்து எழுதுவதற்கு விலை பேசவேண்டி வந்தது. பத்தாயிரம் ஏழாயிரத்து ஐந்நூறாக இறங்கி, பில் கைக்கு வந்தது.

அதை றெஜி கணினியில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து பேரும் வாசித்துவிட்டார்கள். பின்னேரம் கடை வாசலில் முப்பது ஆதரவாளர்கள்.

“அறுபது பார்சலாம். எங்களுக்கு ஆளுக்கு ஒண்டுதான் வந்த. மிச்சம் முப்பதும் ஆருக்குப் போன?” என்றான் ஒருவன்.

“அது கடதாசிக் கணக்கு மனே. உண்மையில எழுநூறு குடுத்த.”

“எழுநூறா? அப்ப எங்களுக்கு ஒண்டுதானா?”

கோபம் ஆற இன்னொரு நூறு பார்சல் இறக்கவேண்டியதாயிற்று. “இதுவும் தேர்தல் செலவில வருமா?” என்று றெஜியிடம் மெதுவாகக் கேட்டார்.

“தேர்தல் முடிஞ்சிட்டே. கல்யாணச் செலவு எண்டு வைங்க.”

சுவரொட்டிக்காரன், ஒலிபெருக்கிக்காரன் என்று எல்லோரும் இப்படியே சுருக்கிக் கொடுத்தார்கள். சுருக்குவதற்கு ஆன செலவே ஒன்றரை இலட்சம் ஆகிவிட்டது. மிச்சம் நின்றது கைவிசேஷம்.

சித்திரை வருடப் பிறப்பன்று மூத்தவர் இளையவருக்கு வெற்றிலையில் வைத்துக் கொடுக்கும் காசு அது. வீட்டுக்கு வீடு பத்து ரூபாய், ஐம்பது ரூபாய், வசதி இருந்தால் நூறு. இந்த முறை வருடப் பிறப்பு தேர்தலுக்கு மூன்று கிழமைக்கு முன் வந்தது. அழகரத்தினத்துக்கு அது ஆண்டவன் நேரம் பார்த்து அனுப்பிவைத்ததாகவே பட்டது. ஆளுக்கு இரண்டு ஆயிரம் ரூபாய்த் தாள், நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு. தன்னைவிட முப்பது வயது மூத்தவர்களுக்கும் கொடுத்து, காலில் விழவும் அனுமதித்தார்.

அதை யாருக்கும் தெரியாமல் செய்திருக்கலாம். ஆனால் தெரியாமல் செய்யும் தானத்தால் யாருக்கு என்ன பயன்? பேஸ்புக்கில் படம் போட்டார். படத்தில் அவர் பிரஷாந்தியின் கையில் வெற்றிலையை வைக்கிறார்; தாள் இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன. மேலே எழுத்து: ‘மக்கள் நாயகன் 412 உறவுகளுக்குக் கைவிசேஷம் வழங்கி வைத்தார்.’

பெயர் போடாமல் மொட்டைப் பெட்டிசம் அனுப்பியவன் வேறெந்தச் சிரமமும் படவில்லை. அந்தப் படத்தை அச்சடித்து அனுப்பிவிட்டான்.

“எட்டு இலட்சத்து இருபத்து நாலாயிரம். இத சுருக்கேலாது அண்ணன். எண்ணிக்கைய நீங்களே போட்டிரிக்கீங்க” என்ற றெஜி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். “ஆனா உறவுகள் எண்டும் நீங்களே போட்டிரிக்கீங்க.”

“மேடையில எல்லாரும் சொல்றதுதானே. ‘அன்பான உறவுகளே’ எண்டுதான் மைக்கப் பிடிக்கிற.”

“சொந்தக்காரனுக்குக் கைவிசேஷம் குடுத்தா அது லஞ்சமா?”

அழகரத்தினம் அன்றைக்கு முதல் தடவையாகத் தேநீருக்குச் சீனி கேட்டார்.

நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் என்ன முறை எழுதுவது என்பதில்தான் சிக்கல். ஒருவனை மச்சான் என்று எழுதினால் அவன் மனைவி தங்கையாகவேண்டும். அவளுடைய தாயை மாமி என்று எழுதினால் கணக்குக் குழம்பும். றெஜிக்குப் பொறுமை கிடையாது. எல்லோருக்கும் ஒரே சொல் போதும் என்றான். மட்டக்களப்பில் தாய்வழியாக வருகிற பரம்பரைக்குக் குடி என்று பெயர். முதல் பெயருக்கு நேரே ‘என் குடிக்காரர்’ என்று அடித்து, சுட்டியால் பிடித்துக் கடைசிப் பெயர் வரை ஒரே இழுவையாக இழுத்துவிட்டான்.

பட்டணத்துத் தேர்தல் அலுவலகத்தில் தக்ஷாயினி மிஸ் அந்தக் கட்டைப் புரட்டினார். சிரிக்கத் தெரிந்தும் கடமை நேரத்தில் சிரிக்காத அதிகாரி அவர்.

“மெம்பர், நானூற்றிப் பன்னிரண்டு பேரும் குடிகாரரா?”

றெஜி அடித்த அவசரத்தில் ஒற்று ஒன்று விழுந்துபோயிருந்தது. ‘என் குடிகாரர்’ என்று பதினான்கு பக்கமும் வரிசையாக நின்றது. இருபத்தேழாவது ஆள் மெதடிஸ்ட் போதகர்.

“குடிக்காரர், மிஸ். எங்கட குடி. எல்லாரும் சொந்தம்.”

“சொந்தம் எண்டா அவங்க ஒவ்வொருத்தரும் கையெழுத்து வைக்கோணும். நீங்க ஒரு சத்தியக் கடதாசி தரோணும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.”

ஒற்றைத் திருத்துவது சுலபமாக இருந்தது. கையெழுத்து சுலபமாக இருக்கவில்லை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் மிதவைப் படகைப் பாதை என்பார்கள். அந்தப் பாதையிலேயே பேனாவை நீட்டத் தொடங்கினார்.

“வாக்குக்கு ரெண்டாயிரம் தந்த நீங்க, சரி. இது தாய்ர குடிய மாத்திற விசயம். அதுவும் ரெண்டாயிரத்துக்கா?” என்றார் மீன் கூடையோடு நின்ற ஒருவர்.

“கைவிசேஷம் வாங்கேக்க கேள்வி கேட்டீங்களா?”

“அப்ப நான் அந்நியன். இப்ப உன்ர தம்பி. தம்பிக்கு இல்லாததா அண்ணன்?”

ஆளுக்கு ஆயிரத்தில் தொடங்கி, பாதை கரை தட்டும்போது ஆயிரத்து ஐந்நூறில் நின்றது. கரைக்கு வந்தபின் புதிய தம்பிமார் வேறு விதமாகவும் உறவு கொண்டாடினார்கள். ஒருவன் மோட்டார் சைக்கிளை இரவல் கேட்டான். இன்னொருவன், சகோதரத்துக்குள் வட்டி என்ன வட்டி என்று சொல்லி, விதைநெல்லுக்கு வாங்கிய கடனை அங்கேயே தள்ளுபடி செய்துகொண்டான். போதகர் மட்டும் காசு வாங்கவில்லை. மனிதர் எல்லோரும் சகோதரர்தான் என்று சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு, தேவாலயக் கூரைக்கு நாற்பது தகரம் கேட்டார்.

வியாழக்கிழமை நானூற்றுப் பத்துக் கையெழுத்து சேர்ந்தது. இரண்டு பாக்கி. ஆச்சிப்பிள்ளையும் பிரஷாந்தியும்.

இரண்டு பெயரையும் வெட்டிவிடலாம் என்றால், பெட்டிசத்தில் இருக்கும் ஒரே படம் பிரஷாந்தியின் படம். அவள் சொந்தம் இல்லையென்றால் மற்ற எவரும் சொந்தம் இல்லை. அழகரத்தினம் பழச்சீப்போடு மில்லுக்குப் போனார்.

ஆச்சிப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். நெல் விலைத் துண்டையும் அவள் அப்படித்தான் வாசிப்பாள், இரண்டு தரம்.

“நான் உன்ர குடி எண்டு எழுதியிரிக்கு.”

“ஓம் அம்மா. சும்மா ஒரு கையெழுத்து.”

“என்ர குடிதான் என்ர புள்ளைர குடி. அப்ப அவள் உனக்கு என்ன முறை?”

ஒரு குடியில் பிறந்தவர்கள் எல்லோரும் சகோதரம். அதற்குள் கல்யாணம் என்று பேச்சே எடுக்கக்கூடாது. இது அழகரத்தினத்துக்குத் தொட்டில் காலம் முதல் தெரியும். கதிரையைக் காப்பாற்றுகிற அவசரத்தில், கதிரை எதற்கு என்பதை மறந்துபோயிருந்தார்.

“அது கடதாசிக்குத்தானே அம்மா” என்றார்.

“சீதன வீடும் கடதாசியிலதான் மனே எழுதுற.”

பிரஷாந்தி உள்ளிருந்து வந்தாள். வங்கியில் வேலை செய்பவள். பிறர் காசை எண்ணி எண்ணி, காசின் மேல் மரியாதை போய்விட்டவள். கடதாசியை வாங்கிப் பார்த்தாள்.

“இதில நாங்க கையெழுத்து வைக்காட்டி?”

“கதிர போயிரும்.”

“கதிர போனா அம்மா என்னத் தர மாட்டா. வைச்சா நான் தங்கச்சி.” அவள் கடதாசியை அவர் பக்கம் திருப்பினாள். “நீங்களே சொல்லுங்க. வைக்கவா, வேணாமா?”

அவள் உண்மையாகத்தான் கேட்டாள். கதிரையை விட்டுவிட்டு வருகிறேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், தாயோடு சண்டை பிடிக்கும் ஆளாகவே அந்த நேரத்தில் தெரிந்தாள். அழகரத்தினம் யோசித்தார். நான்கு வருடம். பதினொரு மதகு, ஆறு வீதி, ஒரு சந்தைக் கட்டடம். மதகு ஒன்றுக்குக் கொந்தராத்துக்காரன் நூற்றுக்குப் பத்துத் தருவான். ஒன்றரைக் கோடி வராது. முதலுக்கு மோசம் இல்லை.

“பேனா நான் கொண்டு வந்திரிக்கன்” என்றார்.

பிரஷாந்தி பேனாவை வாங்கினாள். “வெத்திலைய வாங்கேக்க மாப்பிள்ளை எண்டு நினைச்சு வாங்கினன்” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்து வைத்தாள். “இந்தாங்க அண்ணன்.”

ஆச்சிப்பிள்ளையும் வைத்தாள். மூவாயிரம் வாங்கிக்கொண்டுதான் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை தக்ஷாயினி மிஸ் பதினான்கு பக்கத்தையும் எண்ணினார். படத்தை எடுத்துப் பிரஷாந்தியின் பெயரோடு ஒப்பிட்டார். சத்தியக் கடதாசியின் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உறவுக்குள்ள குடுத்தது எண்டு எல்லாரும் ஒப்பம் வைச்சிரிக்கிறாங்க. இத செலவில சேர்க்கிறதுக்கு என்னட்ட ஆதாரம் இல்ல. கோப்ப மூடுறன், மெம்பர்.”

“அப்ப கதிர?”

“இரிக்கு.”

அழகரத்தினம் வெளியே வந்து விறாந்தையில் நின்று மூச்சு விட்டார். இருபத்திரண்டு இலட்சத்தை மூன்று இலட்சமாகக் காட்டியதற்குப் பதினொரு இலட்சம் போயிருந்தது. பரவாயில்லை, ஒரு மதகைக் கொஞ்சம் மெல்லிசாகக் கட்டினால் வந்துவிடும். பெண்ணும் எங்கே போய்விடப்போகிறது? மெம்பருக்கு மட்டக்களப்பில் பெண்ணா இல்லை? ஆகவேண்டியது ஒன்றே ஒன்று: தன் குடிக்கு வெளியே, தான் கைவிசேஷம் கொடுக்காத ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கவேண்டும்.

விறாந்தையின் மறு அந்தத்தில் வாங்கொன்றில் நிலோஜன் உட்கார்ந்திருந்தான். கையில் இவருக்கு வந்தது போலவே ஒரு கடித உறை. இவரைக் கண்டதும் எழுந்து மரியாதையாகத் தலையசைத்தான்; பிறகு பக்கத்தில் நின்ற அலுவலகப் பியோன் பிலிப்புவின் காதில் ஏதோ சொன்னான்.

பிலிப்பு செருப்பை இழுத்துக்கொண்டு அழகரத்தினத்திடம் வந்தார்.

“ஐயா, உங்கட லிஸ்டில ஒரு கொப்பி தருவீங்களா எண்டு கேக்கிறார், நிலோஜன் ஐயா கைவிசேஷம் குடுத்ததும் இதே நானூற்றிப் பன்னிரண்டு பேருக்குத்தானாம், அந்தப் பிரஷாந்திப் புள்ளைர பேர மட்டும் வெட்டிப்போட்டுத் தரட்டாம்.”