பிச்சுமணி டிக் போட்ட படங்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் நட்டநடுத் தெருவில் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிச்சுமணி போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். துப்புரவுத் தொழிலாளர்களுக்குப் புது வருகைப்பதிவு ஆப் வந்த முதல் நாள் அது. வேலை செய்யும் இடத்தில் தன்னைத் தானே படமெடுத்து ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் லீவு. போனிலுள்ள எல்லாப் படங்களையும் பார்க்கலாமா, தேர்ந்தெடுத்ததை மட்டும் பார்க்கலாமா என்று ஆப் அவரைக் கேட்டது.

எல்லாவற்றையும் பார்க்க விட்டால் மானம் கப்பலேறிவிடும். அந்தப் போனில் கமலாக்ஷியின் படங்கள் முப்பத்தெட்டு இருந்தன.

கமலாக்ஷி முக்கில் சாயாக்கடை வைத்திருப்பவர். தனிக்கட்டை. பிச்சுமணிக்கும் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. "ஒரு சாயா, மதுரம் வேண்டாம்" என்பதற்கு மேல் அவரிடம் ஒரு வார்த்தை பேசத் துணிச்சல் வந்ததில்லை. அதனால் தினமும் எதிர்ச்சாரியிலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்வார். அதைப் பார்த்தால்தான் அடுத்த தெருவைக் கூட்ட அவருக்குக் கை வரும்.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உடைந்த கண்ணாடியோ ஊசியோ உள்ள மூட்டையில் சாக்பீஸால் டிக் போடுவார்கள். டிக் இருந்தால் யாரும் தொடக்கூடாது. இருபத்தாறு வருஷம் பழகிய கை அல்லவா? 'தேர்ந்தெடுத்தது மட்டும்' என்பதை அமுக்கி, வரிசையாக வந்த படங்களில் கமலாக்ஷியின் முப்பத்தெட்டுக்கும் ஒன்றுவிடாமல் டிக் போட்டுவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார்.

பிறகு தன் முகத்தைப் படமெடுத்து, ஏற்றுவதற்காக ஆப்பைத் திறந்தார். உள்ளே முப்பத்தெட்டு கமலாக்ஷிகள் இருந்தார்கள். பிச்சுமணியைக் காணோம். எங்கே போய்த் தொலைந்தோம் என்று தேடியதில் விரல் பட்டு ஒரு படம் ஆபீசுக்குப் போய்விட்டது. அதைத் திரும்ப வாங்கப் போனதில் இன்னொன்று போனது. பதறி எதையோ அமுக்கியதில் மூன்றாவதும் போனது. ஆபீஸ் பதிவின்படி, எட்டு மணிக்குள் கமலாக்ஷி மூன்று தெரு கூட்டி முடித்திருந்தார்.

சூப்பர்வைசர் ஸுப்ரியா கூப்பிட்டனுப்பினாள். திட்டியிருந்தால்கூட பிச்சுமணி தாங்கியிருப்பார். அந்தப் பெண் பொறுமையாக விசாரித்தாள். அவரும் எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் மூன்று பதிவையும் நீக்கி, போனை வாங்கி எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, டிக் போட்டால்தான் ஆப்புக்குத் தெரியும் என்று விளக்கினாள்.

"ஆனா சேட்டா, இந்த ஆப்பாவது உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுச்சு. நீங்க அவங்ககிட்ட கேட்டீங்களா?"

பிச்சுமணிக்கு முகம் சுண்டிவிட்டது. கேட்கவில்லைதான். கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை என்பது அதைவிட வெட்கமாக இருந்தது. சொன்னால் முப்பத்தெட்டும் போகும், நாளை முதல் அந்தக் கடைச் சாயாவும் போகும். சொல்லாமல் இனி அந்தக் கடையில் எந்த முகத்தோடு சாயா குடிப்பது? நேரே கடைக்கு நடந்தார்.

கடை பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று போனைக் கமலாக்ஷியிடம் நீட்டினார்.

"உங்ககிட்ட கேக்காம படம் எடுத்துட்டேன். தப்புதான். நீங்களே அழிச்சிடுங்க."

கமலாக்ஷி கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதைக் கவனிக்கவில்லை.

பெஞ்சிலிருந்த லாட்டரிக்காரர் வாஞ்சிநாதன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அழிக்கச் சொல்லாதீங்க அண்ணே. உங்க போட்டோவுல தன்னை நாங்க மறைக்கக் கூடாதுன்னு, தினம் காலையில நீங்க வர்ற நேரத்துக்கு இந்த அக்கா எங்க எல்லாரையும் பெஞ்சை விட்டு எழுப்பி விட்டுடறாங்க."