முருங்கையை வெட்டிய ஊட்டச்சத்துத் திட்டம்

வாசகரே, மானியம் கேட்டு விண்ணப்பம் போடுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. வேட்டி கட்டியும் திரியும், பேண்ட் போட்டும் திரியும். கக்கத்தில் பிளாஸ்டிக் ஃபைல் மட்டும் இல்லாமல் திரியாது. தெருவில் ஒரு பிள்ளை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் நீங்கள் ஓடிப்போய்த் தூக்குவீர்கள். இந்த இனம் தூக்காது. இந்தத் தெருவில் வருடத்துக்கு எத்தனை பிள்ளைகள் விழுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கும். கெட்ட எண்ணம் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் அந்த இனம்தான். மனசு நிறைய இரக்கம் இருக்கிறது எங்களுக்கு. அதைப் படிவத்தில் நிரப்பிப் பார்த்தால்தான் எங்களுக்கே நம்பிக்கை வருகிறது.

எங்களில் நல்ல மாதிரி ஒன்று வேண்டுமென்றால் வடக்குத்து இருதயசாமியைப் பாருங்கள். நெய்வேலி சுரங்கத்தில் முப்பத்துநாலு வருடம் ஷிப்ட் பார்த்து, ஃபோர்மேனாக ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்டவர். பக்கத்திலேயே ஐந்து சென்ட் காலிமனை. அதில் தகரக் கொட்டகை போட்டு, காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தார். இருபத்தாறு பிள்ளைகள். பெத்தவர்கள் வீடு திரும்ப ஏழரை, எட்டு ஆகும். மதியம் பள்ளிக்கூடத்தில் தின்ற சோறு அதுவரை தாங்குமா?

தாங்காது என்பது வள்ளியம்மாளுக்குத் தெரிந்திருந்தது. பகலில் கேண்டீனில் பாத்திரம் கழுவும் காண்ட்ராக்ட் வேலை, சாயங்காலம் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கும் வேலை என்று இருந்த அந்த அம்மா, யாரும் சொல்லாமலே காலிமனையில் ஒரு முருங்கைப் போத்தை நட்டது. அது மரமாவதற்குள் சிறுகீரை விதைத்தது. வேலியில் பசலைக்கொடியை ஏற்றியது. எங்கிருந்தோ வந்து முளைத்த பப்பாளியையும் போகட்டும் என்று விட்டுவைத்தது. மூன்று வருடமாகத் தினம் ஐந்தரைக்கு முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, ஆளுக்கொன்று. இரண்டாம் வகுப்பு செவ்வந்திக்கு மட்டும் ஒன்றரை, ஏனென்றால் அவள் கேட்பாள். இதற்குத் திட்டம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. அதனால் இருதயசாமியின் கண்ணில் அது படவும் இல்லை.

அவர் கண்ணில் பட்டது வாட்ஸ்அப்பில் வந்த ஓர் அறிவிப்பு. குழந்தைகளின் ஊட்டச்சத்துக் கல்விக்கும் சத்தான உணவுக்கும் சென்னையில் ஓர் அறநிறுவனம் நிதி தருகிறதாம். பாருங்கள், அன்றைக்கே மனிதர் பத்து வயது குறைந்துவிட்டார். ஃபைல் வந்தது, பேனா வந்தது, தேவை குறித்த கணக்கெடுப்பும் தொடங்கிவிட்டது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஊட்டச்சத்து என்றால் என்ன என்று ஒவ்வொருவரையும் கேட்டார். வாய் நிறைய அடையை வைத்துக்கொண்டு இருபத்தாறு பேரும் தெரியாது என்று தலையாட்டினார்கள். நூற்றுக்கு நூறு அறியாமை என்று எழுதிக்கொண்டார். எழுதும்போது கையில் அவருக்கும் ஓர் அடை இருந்தது. இதைப் பிற்பாடு அவரே சொல்லித்தான் சிரித்தார், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

விண்ணப்பத்தின் ஐந்தாம் பக்கத்தில், நிலத்தின் தற்போதைய நிலையைக் காட்டும் புகைப்படம் கேட்டிருந்தார்கள். இருதயசாமி போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எங்கே திருப்பினாலும் பச்சை. இவ்வளவு செழிப்பாக இருக்கிற இடத்துக்கு எவன் நிதி தருவான்? இந்த இடத்தில் அவர் பார்த்த உத்தியோகத்தை நீங்கள் மறந்துவிடக்கூடாது. திறந்தவெளிச் சுரங்கத்தில் மேலே இருப்பதற்கெல்லாம் ஒரே பெயர், ஓவர்பர்டன். மண்ணோ மரமோ, முதலில் அதை வாரி அப்பால் கொட்டினால்தான் அடியில் நிலக்கரி கிடைக்கும். முப்பத்துநாலு வருடம் அதைச் செய்த கை சும்மா இருக்குமா? மறுநாள் காலையிலேயே மரம் வெட்டுகிற கலியனை அரிவாளோடு வரச்சொன்னார். பத்து மணிக்குள் மனை மொட்டை. படம் பிரமாதமாக வந்தது.

அவர் மனைவி ஜெயசெல்வி வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஊரையே தோண்டினது போதாமல் நம்ம மனையையும் தோண்டணுமா என்று கேட்டார். நிதி வந்ததும் பாத்தி, சொட்டுநீர், பெயர்ப்பலகை என்று மாதிரித் தோட்டமே வரப்போகிறது, உனக்கென்ன தெரியும் என்றார் இவர். வள்ளியம்மாள் வந்து, வெட்டிப்போட்ட கிளைகளிலிருந்து கீரையை உருவி எடுத்துக்கொண்டு போனது. அது இரண்டு நாளைக்கு வந்தது. மூன்றாம் நாளிலிருந்து பிள்ளைகளுக்குக் கிரீம் பிஸ்கட்.

கூடவே கல்வியும் ஆரம்பமானது. சுவரில் சார்ட் ஏறியது. முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து, பப்பாளியில் வைட்டமின் ஏ என்று இருபத்தாறு பேரும் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே ராகம் போட்டுப் படித்தார்கள். ஏழு மணிக்கெல்லாம் செவ்வந்தி பெஞ்சில் படுத்துவிடுவாள். பாடத்தில் அக்கறை போதவில்லை என்று அதையும் ஃபைலில் குறித்துக்கொண்டார்.

முருங்கைக்கு இதெல்லாம் தெரியுமா? ஐப்பசி மழை இரண்டு விழுந்ததும் வெட்டின அடிமரத்திலிருந்து புசுபுசுவென்று துளிர்த்துக்கொண்டு இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. சரியாக அந்த வாரம், நேரில் பார்வையிட வருகிறோம் என்று சென்னையிலிருந்து கடிதமும் வந்தது. படத்தில் இருப்பது மொட்டை மனை, நேரில் நிற்பது முருங்கை. இருதயசாமி பதறிப்போய் மறுபடி கலியனைக் கூப்பிடப் போனை எடுத்தார். வள்ளியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து எதிரே நின்றது.

"ஒருவாட்டி வெட்டுனீங்க. ஒங்க மனை, நான் ஒண்ணும் சொல்லலைங்க. இப்ப புள்ளைங்க தெனமும் வந்து அது எவ்ளோ ஒசரம் வந்திருக்குதுன்னு பாத்துகினு இருக்குதுங்க. இன்னும் பத்து நாள்ல அடைக்கு ஆவும்னு சொல்லி வச்சிருக்கறேன். வெட்டறதுன்னா வெட்டிக்கோங்க. ஆனா அதுங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால ஆவாது."

பெரிய பெரிய சுரங்க அதிகாரிகளுக்கெல்லாம் பதில் சொன்ன மனிதர், போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். வெட்டவில்லை. எங்கள் இனம் அப்படியெல்லாம் ஒரேயடியாகத் திருந்திவிடுமா? முருங்கைக்கு முன்னால், சத்துள்ள குழந்தையே சாதிக்கும் குழந்தை என்று எட்டடிக்கு ஃப்ளெக்ஸ் கட்டி மறைத்துவிட்டார்.

பார்வையிட வந்தவர் சோபியா என்ற இளம் அதிகாரி. பிள்ளைகள் சார்ட்டைப் பார்க்காமலே ஒப்பித்தார்கள். இருதயசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. சோபியா முன்வரிசையில் இருந்த செவ்வந்தியிடம் குனிந்து, முருங்கைக்கீரை சாப்பிட்டிருக்கிறாயா என்று கேட்டார்.

"மின்ன தெனமும் சாப்ட்டுகினு இருந்தோங்க. சாரு போட்டோ எடுக்கறதுக்கு வெட்டிட்டாரு. இப்ப அந்தப் பேனருக்குப் பின்னால வளந்துகினு இருக்குது."

சோபியா எழுந்து போய் ஃப்ளெக்ஸை ஒதுக்கிப் பார்த்தார். இங்கே முன்னால் தோட்டம் இருந்ததா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிடலாம். குழந்தை ஏதோ உளறுகிறது என்று சிரித்துச் சமாளித்துவிடலாம். இருதயசாமி செவ்வந்தியைப் பார்த்தார். அவள் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சோபியா பக்கம் திரும்பினார்.

"இருந்துச்சும்மா. பிள்ளைங்க அதுலதான் சாப்பிட்டுச்சுங்க. நாந்தான் எடுத்துட்டேன்."

சோபியா கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. "சார், எங்க நிதி ஏற்கெனவே நடந்துகிட்டிருக்கிற தோட்டத்தைப் பெருசாக்குறதுக்குத்தான். முதல் பக்கத்துலயே போட்டிருக்கோமே" என்றார். முதல் பக்கமா? எங்கள் இனம் முதல் பக்கத்தை என்றைக்குப் படித்திருக்கிறது? அடுத்த வருடம் தோட்டம் இருந்தால் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டது. வெட்டாமல் விட்டிருந்தால் நிதியும் கிடைத்திருக்கும், அடையும் நின்றிருக்காது. 

மறுநாளிலிருந்து இருதயசாமி மண்வெட்டியும் கையுமாக மனையில் இறங்கிவிட்டார். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் நிமிர்ந்து, இது களையா கீரையா என்று வள்ளியம்மாளைக் கேட்கிறார். அந்த அம்மா சொன்ன பிறகுதான் மண்வெட்டி இறங்குகிறது. பத்தாம் நாள் அடை வந்தது. கீரை கொஞ்சம்தான், ஆளுக்குப் பாதி. செவ்வந்தி முதலில் தன் பாதியைத் தின்றாள், பிறகு அவருடைய பாதியையும் கேட்டு வாங்கித் தின்றாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். தானாக நன்றாக நடந்துகொண்டிருக்கிற ஒன்றை நிறுத்திவிட்டு, அதையே நாம் தொடங்கி வைப்பதற்கு நாள் பார்ப்பது எங்கள் இனத்தின் அடையாளம். அதற்கு ரிட்டயராக வேண்டும் என்றோ, சுரங்கத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்றோ சட்டம் கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேரன் உளுந்தங்களியை ஆசை ஆசையாகத் தின்றுகொண்டிருந்தபோது, கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, சத்துணவின் அவசியத்தைப் பற்றி அரைமணி நேர வீடியோ போட்டுக் காட்டினீர்களாமே? களி ஆறிப்போய்விட்டது என்று உங்கள் மருமகள் சொன்னாள்.